கெண்டியின் அடிப்பக்கம்: அயர்லாந்து வெள்ளியோடு ஏழு நாள்

நாள் 1 – டப்ளின்

முப்பத்தொரு வருடம் ஒரு வங்கியில் நகை மதிப்பீட்டாளராக இருந்ததில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. கையில் எதைக் கொடுத்தாலும் முதலில் கவிழ்த்துப் பார்ப்பேன். கல்யாண வீட்டில் பன்னீர்ச் செம்பைக் கவிழ்த்து முத்திரை தேடப்போய், பன்னீர் முழுவதையும் சம்பந்தியம்மாள் மடியில் கொட்டியவன் நான். அதற்கும் முன்னால், சேலம் செவ்வாய்ப்பேட்டையில் அப்பாவின் கொலுசுப் பட்டறையில் வளர்ந்தவன். ஆகவே டப்ளினில் இருக்கும் தங்கை மகள் வித்யா, "மாமா, இங்கே பழைய வெள்ளிச் சாமான் கடைகள் நிறைய இருக்கின்றன, வந்து பாருங்கள்" என்றபோது, அந்தப் பெண் என் பலவீனத்தை நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

விமான அசதி தீரும் முன்பே பிரான்சிஸ் தெருவுக்குப் போய்விட்டோம். லிபர்ட்டீஸ் என்கிற பழைய பேட்டையில், பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு. ஒரு கடையில் எழுபது வயது மதிக்கத்தக்க அம்மையார் உட்கார்ந்திருந்தார். சன்னலோரம் கறுப்பு வெல்வெட்டின் மேல் மூன்று உருப்படி: தேநீர் வடிக்கும் பாத்திரம், சர்க்கரைக் கிண்ணம், பால் குவளை. மூக்கு வைத்த பாத்திரம் எதுவானாலும் என் பாட்டிக்கு அது கெண்டிதான். டீபாட் என்று எழுத மனம் வரவில்லை, நானும் கெண்டி என்றே எழுதுகிறேன்.

கெண்டியை எடுக்கக் கை நீட்டினேன். "கைப்பிடியைப் பிடித்துத் தூக்காதீர்கள், வயிற்றைத் தாங்குங்கள்" என்றார் அம்மையார். குழந்தையைத் தூக்கக் கற்றுக்கொடுப்பதுபோல இருந்தது. காரணம் சரிதான். இருநூறு வயதுப் பாத்திரத்தில் முதலில் விட்டுப்போவது கைப்பிடியின் பற்றவைப்பு.

கனம் என்னைத் திடுக்கிட வைத்தது. பூசணிக்காயை மேலிருந்து அமுக்கினாற்போல அகன்று தாழ்ந்த வயிறு. உடம்பு முழுக்கப் பூவும் இலையும் சுருளும் புடைத்து நிற்கின்றன. கை வழுக்குவதற்கு இடமே இல்லை. பூக்களுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. ஊசிமுனைப் புள்ளிகளால் குத்திக் குத்தி மங்கலாக்கியிருக்கிறார்கள், பூ பளபளப்பதற்காக. மூடியின் குமிழ் விரியப்போகும் மொட்டு. கைப்பிடி உடலைச் சேரும் இரண்டு இடத்திலும் மெல்லிய வெண் வளையம்: யானைத் தந்தம். சூடு கைக்கு ஏறாமலிருக்க நடுவில் வைத்த தடுப்பு. இப்போதெல்லாம் தந்தம் இருந்தால் விற்பதற்கே காகித வேலை அதிகம் என்று அம்மையார் பெருமூச்சு விட்டார்.

கவிழ்த்தேன். நல்லவேளை, உள்ளே தேநீர் இல்லை.

அடியில் ஒரு பழைய கீறல் எழுத்து: 28 அவுன்சு, 4 பென்னிவெயிட். வாங்கிய வீட்டுக்காரர் எடை போட்டுக் கீறிவைத்தது. வேலைக்காரர் எடுத்துப்போய் இலேசான ஒன்றை மாற்றி வைத்துவிடக் கூடாதே. டிராய் அவுன்சு 31.1 கிராம், அதில் இருபதில் ஒரு பங்கு பென்னிவெயிட். மனக்கணக்கில் 877 கிராம் வந்தது. அம்மையார் சிரித்துக்கொண்டே தராசை நகர்த்தினார். 868. குறைந்த ஒன்பது கிராமும் இருநூறு ஆண்டுகளாகத் துணியில் தேய்ந்து போன வெள்ளி. எங்கள் வீட்டில் திருநீற்றால் தேய்த்துத் தேய்த்து மொட்டையாக்கிய பிள்ளையார் நினைவுக்கு வந்தார்.

முத்திரைகள் வரிசையாக இருந்தன. கெண்டியில் தெளிவாக, கிண்ணத்தில் சுமாராக, பால் குவளையில் தேய்ந்து. மூக்குக் கண்ணாடியை வித்யா வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன். விலைச்சீட்டில் மூவாயிரத்துச் சொச்சம் யூரோ. வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்தோம்.

நாள் 2 – காலின்ஸ் பாரக்ஸ்

லுவாஸ் டிராமில் சிவப்புத் தடத்தில் ஏறினால் மியூசியம் என்றே ஒரு நிறுத்தம். இறங்கினால் கருங்கல் படை முகாம். இரண்டு நூற்றாண்டு பிரிட்டிஷ் சிப்பாய்கள் இருந்த இடம், 1922இல் அயர்லாந்தின் கைக்கு வந்து, விடுதலைப் போராட்டத் தலைவர் மைக்கேல் காலின்ஸ் பெயரைப் பெற்றது. 1997 முதல் தேசிய அருங்காட்சியகத்தின் அலங்காரக் கலைப் பிரிவு இங்கே. அயர்லாந்து வெள்ளியின் பெரும் தொகுப்புகளில் ஒன்று இங்கேதான் இருக்கிறது, நுழைவுக் கட்டணமும் இல்லை.

இன்று கண்ணாடி மட்டுமல்ல, பூதக்கண்ணாடியும் பையில் இருந்தது. நேற்று கெண்டியில் பார்த்த முத்திரைகளுக்கு இன்று பொருள் கிடைத்தது.

1637இல் முதலாம் சார்லஸ் மன்னர் டப்ளின் பொற்கொல்லர் சங்கத்துக்குப் பட்டயம் கொடுத்தார். அன்றிலிருந்து முடிசூடிய யாழ்தான் மாற்றுக்குச் சாட்சி: ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. ஆண்டைக் குறிக்க ஒரு எழுத்து, செய்தவரைக் குறிக்க அவருடைய பெயரெழுத்து. 1730இல் அவுன்சுக்கு ஆறு பென்சு வரி போட்டார்கள். வரி கட்டியாயிற்று என்பதற்கு அடையாளமாக ஹிபர்னியா வந்து உட்கார்ந்தாள். யாழைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கையை நீட்டியிருக்கும் பெண்ணுருவம், அயர்லாந்து மாதா என்று வைத்துக்கொள்ளலாம். 1807இல் வரிக்கு அடையாளமாக மன்னர் தலையே வந்துவிட்டது. ஆனாலும் ஹிபர்னியாவை யாரும் எழுப்பி அனுப்பவில்லை. வேலை போன பிறகும் அலுவலகத்துக்கு வந்துகொண்டிருக்கும் மூத்த எழுத்தரைப்போல அவள் டப்ளின் முத்திரையாகவே தங்கிவிட்டாள்.

மன்னர் தலையில் ஒரு நுட்பம் உண்டு. ஜார்ஜ்களும் நான்காம் வில்லியமும் வலப்பக்கம் பார்க்கிறார்கள். 1837இல் பட்டத்துக்கு வந்த விக்டோரியா இடப்பக்கம் பார்க்கிறார். தேய்ந்துபோன முத்திரையில் மூக்கு எந்தப் பக்கம் என்று தெரிந்தாலே பாதி ஜாதகம் கையில். இதைக் குறிப்பேட்டில் எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டுக்கொண்டேன்.

கூடத்தில் என்னை அதிக நேரம் நிறுத்திவைத்தது ஒரு வளையம். ஒரு சாண் உயரமிருக்காது, இடுப்பு சிறுத்து மேலும் கீழும் விரிந்து, உடம்பெல்லாம் துளையிட்ட சித்திரம். உருளைக்கிழங்கு வளையம் என்று ஊரே அழைக்கிறது. ஆனால் உருளைக்கிழங்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சுடுபாத்திரம் மேசையைப் பொசுக்காமலிருக்க அடியில் வைப்பது. பார்த்ததும் சொல்லிவிட்டேன்: பிரிமணை! நாம் வைக்கோலில் முறுக்குவதை, 1750 தொடங்கி ஒரு அரை நூற்றாண்டு இவர்கள் வெள்ளியில் செய்திருக்கிறார்கள். மூன்று கால் வைத்த பால் குவளைகளும் அப்படியே இந்த மண்ணுக்கு உரியவை. காலின் உச்சியில் சிங்க முகம், அடியில் சிங்கப் பாதம். நான்கு கால் ஆடும், மூன்று கால் ஆடாது என்பது எந்தத் தச்சருக்கும் தெரியும்.

பெயர்ப் பட்டியலில் பிரெஞ்சுப் பெயர்கள் கலந்திருந்தன. மதத்துக்காகப் பிரான்சிலிருந்து விரட்டப்பட்ட ஹியூகனாட்டுகள் என்ற புராட்டஸ்டன்டுகள் இங்கே வந்து பட்டறை வைத்தார்கள். அதே காலத்தில், மண்ணின் மக்களான கத்தோலிக்கர் சங்கத்தில் முழு உறுப்பினராக முடியவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பணம் கட்டி, 'காலாண்டுச் சகோதரர்' என்ற பெயரில் தொழில் செய்தார்கள். பணம் வாங்கிக்கொண்டார்கள், வாக்குரிமை தரவில்லை.

பக்கத்துக் கூடத்தில் நாணயக் கண்காட்சி. தலைப்பு ஐரிஷ் மொழியில் ஒரே சொல். வெள்ளிக்கும் அதே சொல், பணத்துக்கும் அதே சொல் என்று வித்யா விளக்கினாள். நமக்கு வெள்ளி என்றால் கிழமையும் விண்மீனும். இவர்களுக்கு நேராகக் காசு.

நாள் 3 – மழை

ஒப்புக்கொள்ள வெட்கமாக இருக்கிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஊர்க்கோடியில் ஒரு சந்தை. தார்ப்பாயின் கீழ் ஒருவர் சர்க்கரை இடுக்கி வைத்திருந்தார். நுனியில் பறவையின் நகம்போல வேலைப்பாடு, உட்பக்கம் நான்கு குட்டி முத்திரைகள். கண்ணாடியில் மழைத்துளி. விரலால் தடவினேன், நான்கு பள்ளம் தெரிந்தது. அனுபவஸ்தன் என்ற மிடுக்கோடு நாற்பது யூரோ கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து துடைத்துப் பார்த்தால் நான்கு கேடயத்துக்குள் நான்கு ஆங்கில எழுத்து: ஈ, பி, என், எஸ். மின்முலாம் பூசிய நிக்கல் சில்வர். செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த அந்த உலோகத்தில் வெள்ளி ஒரு குன்றிமணி கிடையாது. நம் ஊரில் ஜெர்மன் சில்வர் என்று தாம்பூலப் பைக்குள் போட்டுக்கொடுப்பார்களே, அதேதான். 1840இல் பர்மிங்காமில் எல்கிங்டன் மின்முலாமுக்குக் காப்புரிமை பெற்றதும், முலாம்காரர்கள் எழுத்துகளை அசல் ஹால்மார்க் போலவே சின்னச் சின்னக் கேடயத்தில் அடித்தார்கள். பொய் எதுவும் சொல்லவில்லை; என்னைப்போல அவசரக்காரனுக்காகக் காத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

வித்யா சிரிக்கவில்லை. அது இன்னும் மோசம்.

நாள் 4 – கில்கென்னி

ஹியூஸ்டன் நிலையத்திலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம். 1960களில் கோட்டையின் குதிரை லாயத்தில் அரசாங்கம் வடிவமைப்புப் பட்டறை தொடங்கியதிலிருந்து கைவினைக்குப் பேர்போன ஊர். வித்யாவின் தோழி மூலம் ஒரு வெள்ளிக் கொல்லரின் அறிமுகம் கிடைத்திருந்தது. பெயர் வேண்டாம் என்றார். கைகளைப் பற்றி எழுதலாம் என்றார். கட்டைவிரல் நகம் இரண்டும் கறுத்து, ஓரம் தேய்ந்து போயிருந்தன. அப்பாவுக்கும் அப்படித்தான்.

கெண்டியின் வயிறு தொடக்கத்தில் தட்டையான வட்டத் தகடு. அதை இரும்புப் பட்டடையின் விளிம்பில் சாய்த்து, சுத்தியலால் சுற்றிச் சுற்றி அடித்து எழுப்புகிறார்கள். ஒரு சுற்று முடிந்தால் வெள்ளி முறுக்கேறி முரண்டு பிடிக்கும். தீயில் காய்ச்சி இளக்க வேண்டும். அதற்கு விளக்கை அணைத்துவிட்டார். இருட்டில்தான் அந்த நிறம் தெரியும்: இரும்பின் செம்மை அல்ல, காய்ந்த ரோஜா இதழின் மங்கிய சிவப்பு. ஒரு கணம் தாண்டினால் தகடு உருகிச் சரிந்துவிடும். எடுத்து நீரில் அமிழ்த்தி, நீர்த்த அமிலத்தில் கறையைப் போக்கி, மறுபடி சுத்தியல். ஒரு கெண்டிக்கு இப்படிப் பத்துப் பன்னிரண்டு முறையாவது ஆகும் என்றார்.

பூ வேலைக்குப் பாத்திரத்துக்குள் கீலை உருக்கி ஊற்றுகிறார். கீலும் செங்கல் தூளும் கொஞ்சம் மாட்டுக்கொழுப்பும். நான் துள்ளிவிட்டேன். எங்கள் நகாசு வேலைக்காரர்கள் குங்கிலியமும் செங்கல் தூளும் எண்ணெயும் காய்ச்சிப் போடுவார்கள். சமையல் குறிப்பு ஒன்றே, அடுப்பங்கரைதான் வேறு. அடித்தால் விட்டுக்கொடுக்கவும் வேண்டும், விலகாமல் தாங்கவும் வேண்டும். அதற்குத்தான் இந்தக் கலவை. அதன் மேல் முனை மழுங்கிய உளியால் தட்டித் தட்டி இலையின் நரம்பை எழுப்புகிறார். செதுக்குவது வேறு, இது வேறு. இதில் ஒரு துகள்கூட வெட்டி எடுப்பதில்லை, வெள்ளி இடம் மட்டும் மாறுகிறது.

"சரி, பூ வெளியே அவ்வளவு புடைத்து நிற்கிறதே, இந்தக் குறுகிய வாய்க்குள் சுத்தியல் எப்படிப் போகும்?" என்று கேட்டேன். இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல மூலையிலிருந்து ஒரு நீண்ட இரும்புக் கம்பியை எடுத்தார். ஒரு முனை மேலே வளைந்து, குமிழ்போல முடிந்திருந்தது. மறுமுனையை வைஸில் இறுக்கி, வளைந்த முனையைக் கெண்டிக்குள் விட்டு, உள்சுவரில் முட்டும்படி பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டார். பிறகு வெளியே நீட்டியிருக்கும் கம்பியின் நடுவில் சுத்தியலால் ஓர் அடி. கம்பி அதிர்ந்து, உள்ளே இருக்கும் முனை துள்ளி, சுவரை உள்ளிருந்து வெளியே குத்துகிறது. டங் என்ற சத்தத்தோடு வெளிப்பக்கம் ஒரு கடலை அளவுக்கு உப்பியது. முப்பது வருடம் வெள்ளியோடு புழங்கியிருக்கிறேன், இப்படி ஒன்றைக் கண்டதில்லை. இன்னொரு முறை அடிக்கச் சொன்னேன். அடித்தார். இன்னொரு முறை. "உங்களுக்குக் கெண்டி வேண்டுமா, சத்தம் வேண்டுமா?" என்றார்.

மூக்கைத் தனியாகச் செய்து பற்றவைக்கிறார்கள். பற்றவைக்கும் முன் உடம்பில் சல்லடைபோலத் துளைகள் போடுவார்கள், தேயிலை வெளியே வராமலிருக்க. குமிழும் காலும் வார்ப்பு. பால் குவளைக்கும் சர்க்கரைக் கிண்ணத்துக்கும் உள்ளே பெரும்பாலும் பொன் முலாம் பூசியிருக்கும். பார்வைக்கு அழகு என்பது ஒருபுறம். வெள்ளியை அரிப்பிலிருந்து காப்பதும் அதுவே.

மதியம் அவரே தேநீர் போட்டுத் தந்தார். பீங்கான் கோப்பையில், பையைத் தொங்கவிட்டு.

நாள் 5 – கார்க்

டப்ளினிலிருந்து இரண்டரை மணி நேர ரயில். இன்று இரண்டரை மணி நேரம். பதினெட்டாம் நூற்றாண்டில் இதே வழி, சரியான சாலை இல்லை, திருட்டுப் பயம் வேறு. கார்க் கொல்லர்கள் ஒரு தேக்கரண்டிக்கு முத்திரை வாங்க டப்ளின் வரை போகத் தயாராக இல்லை. அதனால் 'ஸ்டெர்லிங்' என்ற சொல்லையே தம் பெயரெழுத்தோடு சேர்த்துத் தாமே அடித்துக்கொண்டார்கள். யாழ் இல்லை, ஹிபர்னியா இல்லை. "நான் சொல்கிறேன், நம்பு" என்பதுதான் அந்த முத்திரை. லிமரிக் நகரில் சிலர் 'ஸ்டார்லிங்' என்றும் அடித்தார்கள். வெள்ளி சுத்தம், எழுத்துதான் கலப்படம். சிரிக்கத் தோன்றினாலும் எனக்கு அந்த உரிமை இல்லை. நம் நாட்டில் வெள்ளிக்கு அரசு ஹால்மார்க் 2005இல்தான் வந்தது. அதுவரை கடைக்காரரின் எழுத்துதான் நமக்கும் வேதம்.

ஃபிட்ஸ்ஜெரால்ட் பூங்காவுக்குள் இருக்கும் அருங்காட்சியகத்துக்குப் போனது ஒரே ஒரு கோடையைப் பார்க்க. 1922. சுதந்திரம் வந்த கையோடு உள்நாட்டுப் போர். பிரிட்டனோடு செய்த ஒப்பந்தத்தை ஏற்காத குடியரசுப் படையினர் கார்க்கைப் பிடித்து வைத்திருந்தார்கள். டப்ளினோடு தொடர்பு அறுந்துவிட்டது. பேட்ரிக் தெருவிலிருந்த எகன் நிறுவனத்துப் பட்டறையில் கொல்லர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். செய்தாலும் முத்திரைக்கு அனுப்ப வழியில்லை. அப்போது அவர்களுக்கு ஒரு யோசனை வந்தது. நகரத்தின் சின்னம் கோபுரங்களுக்கு இடையில் வரும் கப்பல். பதினேழாம் நூற்றாண்டுக் கார்க் கொல்லர்கள் கப்பலையும் கோட்டையையும் முத்திரையாக அடித்ததுண்டு. அதையே மறுபடி வெட்டி, நிறுவனத்தின் பெயரெழுத்தோடு சேர்த்து அடித்தார்கள். ஆகஸ்டில் அரசுப் படை கடல்வழியாக வந்து இறங்கியது, நகரம் கைமாறியது, வழி திறந்தது. அந்த முத்திரைக்கும் வேலை முடிந்தது. மொத்தம் நூறு உருப்படிக்கும் குறைவு. அதனாலேயே இன்று அதற்குக் கிராக்கி, அதனாலேயே போலிகளும்.

கண்ணாடிப் பெட்டிக்குள் கப்பல் முத்திரையைத் தேடிக் குனிந்திருந்தேன். மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கியது. காவலர் ஒருவர் வந்து, ஒன்றும் சொல்லாமல், கைக்குட்டையால் துடைத்துவிட்டுப் போனார்.

நாள் 6 – மறுபடியும் பிரான்சிஸ் தெரு

காலையில் கில்டேர் தெரு அருங்காட்சியகத்தில் ஆர்டா கிண்ணம் என்ற வெள்ளித் திருப்பலிக் கிண்ணம். எட்டாம் நூற்றாண்டு, 1868இல் லிமரிக் பக்கம் உருளைக்கிழங்கு தோண்டும்போது கிடைத்தது. அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தப் பதிவு முடியாது. என் மனமும் அங்கே இல்லை.

கடைக்குப் போனேன். அம்மையார் அடையாளம் கண்டுகொண்டார். "கண்ணாடி கொண்டுவந்தீர்களா?"

கெண்டியின் அடியில் யாழ், ஹிபர்னியா, வலப்பக்கம் பார்க்கும் நான்காம் ஜார்ஜ், எட்வர்ட் பவர் என்ற டப்ளின் கொல்லரின் எழுத்து. ஆண்டெழுத்தை அவருடைய கையேட்டில் ஒத்துப் பார்த்தோம்: 1827. கிண்ணமும் அதுவே. பால் குவளையை எடுத்தேன். பூ ஒன்றே, சுருள் ஒன்றே. ஆனால் இலை நரம்பு இங்கே கொஞ்சம் அவசரம். கெண்டியில் நரம்பு இலையின் நுனிவரை ஓடுகிறது, இதில் முக்காலில் களைத்து நின்றுவிடுகிறது. அடியை வெளிச்சத்துக்குச் சாய்த்தேன். தலை இடப்பக்கம் பார்த்தது.

"விக்டோரியா" என்றேன்.

"எங்கள் தொழிலில் இதைக் கல்யாணம் என்போம்" என்றார். ஒரு ஜோடியில் ஒன்று தொலைந்தோ உடைந்தோ போனால், பார்த்துச் செய்து சேர்ப்பது. மறைக்கும் எண்ணம் அவருக்கு இல்லை. விலைச்சீட்டில் 'மூன்று உருப்படி, டப்ளின்' என்று மட்டும்தான் எழுதியிருந்தது, ஆண்டு எழுதவில்லை. நான் கவனித்திருக்க வேண்டும். கல்யாணம் நல்ல சொல்தான், இருபது வயது வித்தியாசத்தில்.

ஆண்டெழுத்தை மறுபடி கையேட்டில் தேடினார். விரல் ஓரிடத்தில் நின்றது. 1847.

அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. கறுப்பு ஆண்டு என்று இங்கே அந்த வருடத்துக்குப் பெயர். உருளைக்கிழங்கு அழுகி, 1845 முதல் சில வருடங்களில் பத்து லட்சம் பேர் பசியிலும் காய்ச்சலிலும் செத்தார்கள், அதற்கு மேலும் பேர் கப்பலேறினார்கள். அந்த வருடத்தில் ஏதோ ஒரு வீட்டில் பால் குவளை தொலைந்திருக்கிறது. புதிது செய்யச் சொல்லியிருக்கிறார்கள். பழைய பூவைப் பார்த்து ஒரு கொல்லர் தட்டியிருக்கிறார். வரி கட்டி, மாற்றுப் பார்த்து, முத்திரை அடித்து, எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கிறது. தாது வருஷப் பஞ்சத்தில் எங்கள் பக்கத்துக் கொலுசெல்லாம் உருக்குச் சட்டிக்குப் போன கதையைப் பாட்டி, தன் பாட்டி சொன்னதாகச் சொல்லுவாள். இங்கேயோ, அதே போன்ற பஞ்சத்தில் வெள்ளி வீட்டுக்குள் வந்திருக்கிறது. அந்த முக்கால் நரம்பில் நின்ற இலையை மறுபடி பார்த்தேன். அவசரம் என்று எழுதியதை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். அடிக்கவில்லை, அதுவும் நான் கண்டதுதானே.

குவளையை வயிற்றில் தாங்கித் திரும்ப வைத்தேன்.

நாள் 7 – விமான நிலையம்

பாதுகாப்புச் சோதனையில் என் கைப்பையைத் தனியாக ஒதுக்கினார்கள். இளம்பெண் ஒருத்தி உள்ளே துழாவி, வித்யா கொடுத்தனுப்பிய தேயிலைப் பொட்டலங்களுக்கு அடியிலிருந்து சர்க்கரை இடுக்கியை எடுத்தாள். விரித்தாள், மூடினாள். திருப்பி உட்பக்கம் பார்த்தாள்.

"வெள்ளியா?" என்றாள்.

"முலாம்" என்றேன்.